கொப்பி சுமக்கிற மாதிரி துண்டுத் துணிப் பை தைக்க வேண்டும், உதவி செய்யுங்கள்

கொட்டகலைப் பிள்ளை:

வணக்கம். என் கூட்டாளிக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள், அதனால் கடையில் ஒன்றை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமை அவள் போவதற்குள் துண்டுத் துணி ஒட்டித் தைத்த ஒரு தோள் பை கொடுக்க நினைக்கிறேன். கோயில் தேருக்கு இரண்டு பேரும் ஒரே பச்சை வொயிலில் பாவாடை தைத்தோம். அவளுடையது தங்கச்சிக்குப் போய்க் கிழிந்துவிட்டது, என்னுடையது இன்னும் பெட்டியில் இருக்கிறது. அது கட்டாயம் பையில் வர வேண்டும். அதோடு அம்மாவின் பழைய சீத்தைத் துணி, அப்பாவின் கோடு போட்ட சாரம், என்னுடைய வெள்ளை யூனிஃபோம்.

நேற்று ஒன்று தைத்துப் பார்த்தேன். 3 அங்குலச் சதுரமாக வெட்டி ஐந்தைச் சேர்த்தால் 15 அங்குலம் வரும் என்று நினைத்தேன், 12½ தான் வந்தது. வொயில் துண்டுகள் சுருங்கி இழுக்கின்றன, மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. கொப்பிகளை வைத்துத் தூக்கினால் கைப்பிடி வொயிலைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மாவின் பழைய கால் மெஷின் தான் இருக்கிறது. எங்கே பிழை?

பண்டாரவளைத் தையல் அக்கா:

தங்கச்சி, அளவு குறைந்ததற்குக் காரணம் தையலுக்கு விடுகிற துணி. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் உள்ளே போகும், அப்போது ஒரு துண்டுக்கு அரை அங்குலம் போய்விடுகிறது. 3½ அங்குலமாக வெட்டு. 5-க்கு 5 வைத்தால் ஒரு பக்கத்துக்கு 25 துண்டு, இரண்டு பக்கத்துக்கும் 50. ஒரு மட்டையில் 3½ சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு அதையே எல்லாத் துணியிலும் வைத்துக் கோடு போடு. ஒவ்வொரு தடவையும் அளவு நாடாவால் அளந்தால் நூல் கனத்துக்கு வித்தியாசம் வரும், ஐந்தாவது துண்டில் அது மூலையில் தெரியும்.

மூலை சேர ஒரு வழி இருக்கிறது. முதலில் வரிசை வரிசையாகத் தை. பிறகு அயன் பண்ணும்போது முதல் வரிசையின் பின்பக்கத் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய், இரண்டாவதை இடப்பக்கம், மூன்றாவதைத் திரும்ப வலப்பக்கம். வரிசைகளை ஒன்றோடொன்று வைக்கும்போது அந்த மடிப்புகள் விரலுக்குக் கீழே ஒன்றில் ஒன்று இடித்து நிற்பது தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் மூலை தானாகவே சேரும்.

வொயில் தனியாக நிற்காது. பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் அதே அளவு சதுரம் வெட்டி, வொயிலுக்குப் பின்னால் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கையால் ஓட்டு, அப்புறம் இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தை. எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்னால் கழுவி விடு, இல்லாவிட்டால் முதல் கழுவலில் ஒன்று சுருங்கும், இன்னொன்று சாயம் விட்டு உன் வெள்ளை யூனிஃபோமைக் கெடுக்கும். மழை பெய்கிறது என்று விறகடுப்புக்கு மேலே காயப் போட்டுவிடாதே, புகை வாசம் துணியை விட்டுப் போகாது. பிழிந்து நிழலில் போட்டுவிட்டு அயனால் காய வை.

இதைவிட முக்கியமான விஷயம், பாரத்தை ஒட்டுத் துணி தாங்கவே கூடாது. அது முகம் மட்டும். பாரம் தாங்குவது உள்துணி. திரைச்சீலைக்குப் போடுகிற மாதிரித் தடித்த துணி அல்லது ட்ரில் துணியாகப் பார்த்து 15½ அங்குலச் சதுரம் இரண்டு எடு.

ஹட்டன் டெய்லர்:

அக்கா சொன்னது சரி. கைப்பிடி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், பிய்ந்தது அங்கேதானே. 4 அங்குல அகலத்தில் பட்டி வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, நாலு மடிப்பாக 1 அங்குலப் பட்டி தை. அதைப் பையின் வாயோடு நிறுத்தாமல் அடிவரைக்கும் முகத்துணிமேல் ஓட்டி, அடியில் இரண்டு பக்கத்துப் பட்டியையும் சேர்த்துவிடு. பாரம் அப்போது பட்டியில் தொங்கும், தையலில் தொங்காது.

ஊசியையும் பாருங்கள். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, துண்டுகள் சேர்க்க 14, பட்டிக்கும் அடிக்கும் 16. வொயிலில் தடித்த ஊசி ஓடினால் நூலை இழுத்துச் சுருக்கும், உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் அதுதான். பழைய பருத்தி நூல் கட்டை வேண்டாம், இழுத்துப் பார்த்தால் பட்டென்று அறும். கனமான இடம் வரும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

பண்டாரவளைத் தையல் அக்கா:

தம்பி, பட்டி அடிவரை போனால் இரண்டு வரிசைத் துண்டிலும் கொஞ்சம் மறைந்துபோகுமே. அந்தப் பிள்ளை கூட்டாளி பார்க்கத்தானே பச்சைத் துணியை வைக்கிறது. பட்டி வந்து சேருகிற இடத்தில் உள்ளே 3 அங்குலச் சதுரத் தடித்த துணி வைத்து, பெட்டி மாதிரித் தைத்து நடுவில் குறுக்கே இரண்டு கோடு ஓட்டினால் போதும். நான் அப்படித் தைத்த சந்தைப் பை ஆறு வருஷமாக உருளைக்கிழங்கு சுமக்கிறது.

லிந்துலைக்காரி:

நான் தையலில் கெட்டிக்காரி இல்லை, ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் அம்மாயி கொழுந்துக்குப் போகும்போது மழைக்குத் தலையில் போட்ட கம்பளி வீட்டில் இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, நடுத்துண்டு நன்றாகத்தான் இருந்தது. அதை வெட்டிப் பையின் அடியில் இரண்டு துணிக்கும் நடுவே வைத்தேன். பை நிமிர்ந்து நிற்கிறது, ஈரச் சிமெந்தில் வைத்தாலும் கொப்பிக்கு ஈரம் ஏறச் சுணங்குகிறது. வெந்நீரில் மட்டும் கழுவக்கூடாது, கம்பளி சுருங்கிவிடும். உன் வீட்டிலும் ஒன்று இருக்கும், அம்மாவைக் கேட்டுப் பார்.

கொட்டகலைப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முடித்தேன். பட்டி விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். முன்பக்கம் அக்கா சொன்ன மாதிரிப் பெட்டித் தையல், பின்பக்கம் அண்ணன் சொன்ன மாதிரி அடிவரை ஓட்டினேன், அங்கே சாரத் துண்டுகள்தான் இருக்கின்றன, மறைந்தால் பரவாயில்லை. உள்துணியின் அடியில் 5 அங்குலம் தைக்காமல் விட்டு அதன் வழியாகப் பையை வெளிப்பக்கம் திருப்பினேன். பக்கத் தையலும் அடித் தையலும் சேருகிற மூலையை முக்கோணமாகப் பிடித்து, நுனியிலிருந்து 2 அங்குலம் உள்ளே குறுக்கே ஒரு கோடு தைத்ததில் அடி 4 அங்குலம் அகலம் வந்தது. கம்பளி அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. கேட்டதும் ஒன்றும் பேசாமல் எடுத்து, எங்கே வெட்ட வேண்டும் என்று அவவே சோக்கால் கோடு போட்டுத் தந்தா.

அரிசி 5 கிலோவை உள்ளே வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் படிக்கட்டில் மூன்று தரம் ஏறி இறங்கினேன். ஒரு தையல்கூட விடவில்லை. பச்சை வொயில் ஒன்பது துண்டு முன்பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒன்றில் மட்டும் தேர் அன்று சிந்திய கற்பூர எண்ணெய்க் கறை மங்கலாகத் தெரிகிறது, கழுவியும் போகவில்லை. அதை வேண்டுமென்றே நடுவில் வைத்தேன், பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிடும்.