ஃபைனல்ஸுக்கு முன்னாடி எந்தப் பழைய டீமைப் பார்க்கலாம்?

காரைக்குடி:
அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவோட ஃபைனல்ஸ் வருது. பெரும்பாலும் நமக்குக் காலை 6 மணிக்கு மேட்ச். அதுக்குள்ள சாயங்காலப் பயிற்சிக்கு வர்ற பசங்களுக்கு ஒரு பழைய டீமைப் போட்டுக் காட்டணும். 1996 சிகாகோவா, 2014 சான் அன்டோனியோவா?

தேவகோட்டை:
சான் அன்டோனியோதான் தம்பி. 2013ல மயாமிகிட்ட 7 மேட்ச் வரை போய் தோத்தவங்க, மறுவருஷம் அதே மயாமியை 4-1னு ஜெயிச்சாங்க. பந்து யார் கையிலயும் தங்காது, அவ்வளவு அழகு! 4க்கு 4 ஆடவிடுங்க, டிரிபிள் (பந்தைத் தட்டிக்கிட்டே போறது) கூடாது. பசங்க பந்தைத் தேடி ஓடி வந்துடுவாங்க, அங்கதான் கெடும். அப்படி நெருங்கிட்டா ஒரே டிஃபெண்டர் ரெண்டு பேரை மறிச்சிடலாம். ஆளுக்கு ஆள் 15 முதல் 18 அடி, சாக்பீஸால தரையில குறிச்சிடுங்க.

பள்ளத்தூர்:
அண்ணே, அந்த 15-18 அடி சிகாகோ ஆடின டிரையாங்கிளோட அளவு! போஸ்ட் (கூடைக்குப் பக்கம்), விங் (பக்கவாட்டு), கார்னர் (மூலை)னு மூணு பேர் முக்கோணமா நிப்பாங்க. அந்த சீசன்ல 72 வெற்றி, 10 தோல்வி சும்மா வரல. ஆனா அப்ப மூணு பாயிண்ட் கோடு கூடையிலிருந்து சுத்தி 22 அடிதான். இப்ப நடுவுல 23 அடி 9 அங்குலம். ஷூட்டிங் கணக்கை அப்படியே ஒப்பிடாதீங்க. நம்ம கோர்ட்டுல போடுற 6.75 மீட்டர் கோடு கிட்டத்தட்ட அந்தப் பழைய அளவு, பசங்களுக்கு வசதி.

கண்டனூர்:
டிஃபென்ஸுக்கு 2004 டெட்ராய்ட். ஷாக், கோபினு பெரிய ஸ்டார்கள் இருந்த லேக்கர்ஸை ஃபைனல்ஸ் 3வது மேட்ச்ல 68 புள்ளியோட நிறுத்தினாங்க. ஷாக்கைப் பெரும்பாலும் ஒருத்தரே மறிச்சதால வெளிய லேக்கர்ஸ் ஷூட்டர் யாரும் மறிக்க ஆள் இல்லாம தனியா நிக்கல. ஆனா கைவச்சுத் தடுக்குறதைக் கத்துக்கொடுக்காதீங்க, அடுத்த சீசன்லயே அதுக்கு ஃபவுல் கடுமையாச்சு.