குடிநோய்ப் பாடத்தை எந்த வார்டில் நடத்துவது?

எலும்புவார்டு:
செவிலியர் மாணவிகளுக்கு மது, போதை பற்றிய பாடம் மனநலச் செவிலியத்தில் ஓர் அத்தியாயம். தேர்வு எழுதியதும் மறந்துபோகும். போன மாதம் தொடை எலும்பு முறிந்து வந்தவர் ஒருவர், மூன்றாம் நாள் இரவு உடம்பெல்லாம் வியர்த்து, விரிப்பில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பயிற்சி மாணவி ‘வலியில் உளறுகிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டாள். அது டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நடுக்கமும் சித்தக் குழப்பமும். குடி நின்ற இரண்டு மூன்று நாளில் வரும், கவனிக்காவிட்டால் உயிரே போகும். இந்தப் பாடத்தை எலும்பு வார்டில் நடத்துங்கள்.

பாடவேளை:
சிஸ்டர், நான் பாடம் நடத்துகிறவள். இதய வார்டு ஈசிஜி கேட்கிறது, சர்க்கரை வார்டு கால் பராமரிப்பு கேட்கிறது. இருக்கும் மணி நேரத்தை எத்தனை பேருக்குப் பங்கிடுவது? மனநலப் பயிற்சியில் மறுவாழ்வு மையத்துக்கும் கூட்டிப்போகிறோம். மருந்து எழுதப்போவது டாக்டர்தானே?

எலும்புவார்டு:
எழுதுவது டாக்டர். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கையைப் பிடித்துப் பார்ப்பது யார், மேடம்? ஆண்களில் நூற்றுக்கு 27 பேர் குடிக்கிறார்கள் என்கிறது 2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு. முப்பது கட்டில் உள்ள ஆண்கள் வார்டில் எட்டுப் பேர் என்று வையுங்கள். அந்த எட்டுப் பேரும் மறுவாழ்வு மையத்திலா படுத்திருக்கிறார்கள்?

அட்மிஷன் தாளில் ‘குடிப்பழக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. மனைவி பக்கத்தில் நிற்க, ‘குடிப்பீர்களா?’ என்று கேட்டால் எவர் ஆமாம் என்பார்? தனியாக இருக்கும்போது, ‘கடைசியாக எப்போது குடித்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘நேற்று ராத்திரி’ என்பார். அங்கிருந்து மணியை எண்ணத் தொடங்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி போதும்.

அவசரப்பிரிவு:
எலும்புவார்டு சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். நாள்பட்ட குடிநோயாளிக்குத் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தால் மூளை பாதிக்கப்படலாம். பாட்டிலை மாட்டுவது செவிலியர்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ற நச்சு கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். குடித்துவிட்டு வந்தவர் ‘கண் மங்குகிறது’ என்றால், அது மெத்தனாலின் அறிகுறியாக இருக்கலாம்; போதையில் பேசுகிறார் என்று ஓரமாக உட்காரவைக்கக் கூடாது. இது மாணவிக்கு முதல் வருடமே தெரிந்திருக்க வேண்டாமா?

பாடவேளை:
எல்லாமே முதல் வருடமே தெரிந்திருக்க வேண்டியதுதான், தம்பி. அதுதான் என் தலைவலி.

கடைசிபெஞ்சு:
நான் நான்காம் ஆண்டு மாணவி. மணிக்கணக்கை விடுங்கள். வகுப்பில் ‘குடிகாரன்’ என்ற சொல் வரும்போதெல்லாம் நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். என் அப்பா குடிப்பவர். சர்க்கரை நோயாளியை ‘சர்க்கரைக்காரன்’ என்று யாரும் ஏசுவதில்லை. வகுப்பில் கேட்ட அதே சொல்லை என் தோழிகள் வார்டிலும் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட நோயாளி கூப்பிட்டால் கடைசியாகத்தான் போகிறார்கள்.

பாடவேளை:
அந்தச் சொல்லை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அம்மா. இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் தனிப் பாடவேளை கிடையாது; அதில் மாற்றமில்லை. வேண்டுமானால் எலும்பு வார்டுக்கு ஆறு பேரை அனுப்புகிறேன், சிஸ்டர். பகல் ஷிஃப்டுக்கு மட்டும்.

எலும்புவார்டு:
அந்த எறும்புகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வருகின்றன, மேடம். இரவுக்கு இரண்டு பேரை அனுப்புங்கள், போதும்.