பழைய அரத்தில செய்த டூலுக்குப் பதம்: ஓவன் காணுமாம்!

கொக்குவில் கடைசல்:
போன கிழமை இந்தக் குழுவில ஒருத்தர் எழுதினவர்: "அரத்தில லேத் டூல் செய்து, சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சாப் பிறகு, முறியாமல் இருக்கப் பதம் எடுக்கக் குசினி ஓவனில 200 பாகையில ஒரு மணித்தியாலம் வையுங்கோ. நிறம் பாக்கிறது பழைய ஆக்களின்ர மூடநம்பிக்கை." மூடநம்பிக்கையோ? முப்பது வருசமா லேத்துக்கு முன்னால நிக்கிறன். தோய்ச்ச இரும்பை எமெரித் தாளால மினுக்கி, பின்பக்கத்தில சுவாலையைக் காட்டினா நிறம் தன்ர பாட்டில நுனிக்கு நடந்து வரும். முதல் வெளிறின வைக்கோல், பிறகு மண்ணிறம், கத்தரிப்பூ, கடைசியில மயில்கழுத்து நீலம். வைக்கோல் நுனியைத் தொட்ட கையோட தண்ணிக்குள்ள விடவேணும். ஓவனுக்குக் கண் இருக்கோ?

திருநெல்வேலித் தம்பி:
எழுதினது நான்தான் அண்ணை, நேராவே கேக்கலாம். நிறம் எண்டது இரும்பில படியிற ஒட்சைட்டுப் படையின்ர தடிப்பு. சூடு மட்டுமில்லை, எவ்வளவு நேரம் கிடந்தது எண்டதையும் பொறுத்தது. குறைஞ்ச சூட்டில கனநேரம் வைச்சாலும் அதே நிறம் வரும். அப்ப நிறத்தைப் பாத்து சூட்டை எப்பிடிச் சொல்லுவியள்?

கொக்குவில் கடைசல்:
சுவாலையில ரெண்டு நிமிசத்தில வாற வைக்கோல் நிறத்துக்கு ஒரே சூடுதான், 225 பாகை மட்டில. உம்மட ஓவன் முள்ளு 200 எண்டு காட்டேக்க உள்ளுக்கு என்ன சூடு எண்டு ஆருக்குத் தெரியும்?

திருநெல்வேலித் தம்பி:
உள்ளுக்குத் தெர்மோமீட்டர் வைச்சிருக்கிறன். எழுதியும் இருந்தனான். வாசிக்கேல்லை.

சுன்னாகம் பட்டறை:
வைக்கோல், வைக்கோல் எண்டுறியள், எந்த வைக்கோல்? நெல்லுச் சூடடிச்ச அண்டைக்கு இருக்கிறதோ, மாரி மழையில நனைஞ்சதோ? வெயிலுக்க நிண்டு பாத்தா ஒரு நிறம், கொட்டிலுக்குள்ள வேற நிறம்.

கொக்குவில் கடைசல்:
வெயிலுக்க நிண்டு பாக்கச் சொல்லி ஆர் சொன்னது? நிழலிலதான் பாக்கவேணும். இது கம்மாலைப் பெடியளுக்கே தெரியும்.

உரும்பிராய் மெசின்:
நான் லொறி வில்லுத்தகட்டில செய்து தேங்காயெண்ணெயில தோய்க்கிறன். வெடிப்பே வாறேல்லை.

கொக்குவில் கடைசல்:
வில்லுத்தகட்டில காபன் 0.6 வீதமளவுதான், அரத்தில ஒண்டுக்கு மேல. கத்தி, கோடாலிக்கு வில்லுத்தகடு. லேத் டூலுக்கு அரம். அரத்தின்ர பல்லையும் முழுக்கக் கிறைண்ட் பண்ணி எடுக்கவேணும், வெடிப்பு பல்லடியிலதான் தொடங்கும். எல்லாம் செய்தாலும் கடைசியில வைக்கோல் நிறம்.

உரும்பிராய் மெசின்:
தண்ணியில விட்டு "டிங்" எண்டு சத்தம் கேட்டா முடிஞ்சுது அண்ணை. ரெண்டு நாள் அரைச்ச டூல் எனக்கு அப்பிடித்தான் போனது. இன்னொண்டைத் தோய்ச்சுப்போட்டு விடியப் பதம் எடுப்பம் எண்டு படுத்தன், காலமை பாத்தா வெடிச்சுக் கிடக்கு. தண்ணியில தோய்க்கிறவர் அதுக்குப் பதில் சொல்லட்டும்.

உரும்பிராய் மெசின் (பிறகு):
ஒருத்தரும் பதில் சொல்லேல்லை எண்டதைக் குறிச்சு வைக்கிறன்.

சுன்னாகம் பட்டறை:
ஹைஸ்பீட் ஸ்டீல் பிட் (கடையில விக்கிற லேத் டூல்) ஒண்டை வாங்கி விடுங்கோவன். 600 பாகை வரைக்கும் தாங்கும், இந்தச் சண்டையும் இல்லை.

கொக்குவில் கடைசல்:
வாட்டர் பம்புக்குப் பித்தளைப் புஷ் கடையிறன். அந்த வளைவுக்கு டூல் எந்தக் கடையில விக்கிறான்? போன வருசம் என்னட்டை இரவல் வாங்கின ஆறு மில்லி டாப்பை (புரி வெட்டுற சாமானை) முறிச்சுத் தந்த ஆள், கடையில வாங்கச் சொல்லி எனக்குச் சொல்லவேண்டாம்.

சுன்னாகம் பட்டறை:
அது வரேக்கயே வெடிப்பு. நீங்கள் பதம் எடுத்த டாப்தானே? வைக்கோல் நிறத்தில.

கொக்குவில் கடைசல்:
பொய். 90களில பொருளாதாரத் தடை நேரம், பெற்றோல் இல்லாமல் சனம் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டேக்க, பட்டறையில கரண்டும் இல்லை, ஓவனும் இல்லை. சிரட்டைக்கரியும் துருத்தியும்தான். அந்த நேரம் செய்த டூல் ரெண்டு இப்பவும் என்ர லாச்சிக்குள்ள கிடக்கு. அதுக்கு ஆர் தெர்மோமீட்டர் வைச்சது?

திருநெல்வேலித் தம்பி:
உங்கட கெட்டித்தனத்தை நான் மறுக்கேல்லை அண்ணை. அண்டைக்கு வேற வழி இல்லை. இண்டைக்கு இருக்கு. ஒரு மணித்தியாலம் ஒரே சூட்டில கிடந்தா நுனியும் நடுவும் ஒரே பதம். சுவாலையில நுனி மட்டும்தான் சரி, ரெண்டு தரம் சாணை பிடிச்சா உள்ளுக்கு மென்மையாப் போயிடும்.

கொக்குவில் கடைசல்:
அடி மென்மையா இருக்கவேணும், இல்லாட்டி முறியும். அதுக்குத்தான் நிறத்தை நடக்க விடுறது! இந்தா, இப்ப எடுத்த படம் போட்டிருக்கிறன். நுனியைப் பாருங்கோ, வைக்கோல்.

சுன்னாகம் பட்டறை:
அது மண்ணிறம்.

கொக்குவில் கடைசல்:
உம்மட போனில மண்ணிறம். அது வைக்கோல்.