பால்கனி சிலைடிங் கதவு: கடையில என்ன பேர் சொல்லிக் கேட்டீங்க?

செந்தூல் மாடிவீடு
"கதவு நகரல"ன்னு மட்டும் சொன்னா ரோலர் (கதவு அடியில உருளுற சக்கரம்), டிராக் (அது ஓடுற தண்டவாளம்), லாக் மூணுக்கும் சேர்த்து விலை போட்டுடுறாங்க. இங்க கழற்றின கதவுல போயிருந்தது ரோலர் மட்டும்தான். சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகி, பேரிங் துருவேறி இறுகிக் கிடந்துச்சு. டிராக் மேடு வழவழன்னு இருக்கு, அதை எதுக்குப் பேர்க்கணும்?

பாயான் லெப்பாஸ் அலுமினியம்
வழவழன்னு இருந்தா மட்டும் போதாது அண்ணே. சுத்தாத சக்கரம் மேட்டைச் சீவிடும். இரும்பு ஸ்கேலை நெடுக வெச்சுப் பாருங்க, இடையில வெளிச்சம் தெரிஞ்சா புது ரோலரும் சீக்கிரம் போயிடும். அப்பவும் டிராக்கைப் பேர்க்க வேணாம், மேட்டு மேல மாட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப் இருக்கு.

கதவைத் தூக்குறதுக்கு முன்னாடி மேல் டிராக்ல இருக்கிற ஆன்டி-லிஃப்ட் கட்டையை, அதாவது கதவைத் தூக்க விடாம தடுக்கிறதை, கழற்றணும். கண்ணாடி 1 மில்லிமீட்டர் கனத்துக்கு, சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 1.2க்கு 2.4 மீட்டர் கதவுல 10 மில்லிமீட்டர் கண்ணாடின்னா 72 கிலோ, சட்டம் தனி. ஒத்தை ஆளா கை வெக்காதீங்க.

கெப்போங் ரெனோவேஷன்
ரோலர் கிடக்கட்டும். இங்க ஒரு வீட்டுக்குக் கதவே பக்கம் மாறி வந்துச்சு. வரைபடத்துல 'எக்ஸ்-ஓ': எக்ஸ் நகரும், ஓ நிலையா நிக்கும். வரைஞ்சவர் வெளியில நின்னு பார்த்தார், செஞ்சவர் உள்ளே நின்னு பார்த்தார். ஆள் நடக்கிற பக்கம் நகராத கண்ணாடி, ஏசி கம்ப்ரசர் பக்கம் திறப்பு! ரெண்டும் வேற வேற அகலம், இடம் மாத்தவும் வழியில்லை. டெம்பர்டு கண்ணாடியை (சூடாக்கி உறுதியாக்கினது) அறுத்தா நொறுங்கிடும். ஆர்டர் தாள்ல 'வெளியிலிருந்து பார்வை'ன்னு எழுதி அம்புக்குறி போடுங்க.

தஞ்சோங் தோக்கோங் கடலோரம்
கீழ்ச் சட்டத்துல வெளிப்பக்கம் இருக்கிற சின்னத் துவாரங்களை யாராவது பார்க்கிறீங்களா? அதுதான் வீப் ஹோல், தண்ணி வடியிற வழி. எறும்பு வருதுன்னு ஒரு யூனிட்ல அதை சிலிக்கான் வெச்சு அடைச்சாங்க. காத்தோட மழை அடிச்சதும் டிராக் நிரம்பி பார்க்கே மரத்தரை உப்பிப் போச்சு. டிராக்குக்குத் தண்ணி வரத்தான் செய்யும், வந்தது வெளியே போகணும், அவ்வளவுதான். ஒரு கப் தண்ணி ஊத்திப் பாருங்க. தேங்கி நின்னா கேபிள் டை நுனியால துவாரத்தைக் குத்தி விடுங்க. சிலிக்கான் வெக்கிறது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுலதான். டிராக்ல எண்ணெய், கிரீஸ் விடவே விடாதீங்க, தூசியோட சேர்ந்து பசையாகிடும். சிலிக்கான் ஸ்பிரே போதும். கதவு ஓரத்துல இடைவெளியை அடைக்கிற பிரஷ் பட்டை படிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க, மீட்டர் கணக்குல கிடைக்கும். உப்புக்காத்து படுற இடத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 304 ரகத்தை விட 316 ரகம் தாங்கும். சட்டத்தையே மாத்துறதா இருந்தா முதல்ல கட்டட மேனேஜ்மெண்ட்கிட்ட கேளுங்க, கலர் மாறினா விடமாட்டாங்க.

செந்தூல் மாடிவீடு
கேட்டது ரோலருங்க.

பாயான் லெப்பாஸ் அலுமினியம்
பழசைக் கையோட கொண்டு போங்க. சக்கரத்தோட விட்டம், அகலம், ஓரம் குழியா 'வி' வெட்டா, ஒத்தைச் சக்கரமா ரெட்டையா, சக்கரத்தைத் தாங்குற கூட்டோட உயரம், திருகு எந்தப் பக்கம் — இத்தனையும் ஒத்துப்போகணும். ஒரு கதவுக்கு ரெண்டு ரோலர், ஜோடியா மாத்துங்க. மாட்டினதும் கதவோட விளிம்புல கீழே இருக்கிற அட்ஜஸ்ட் திருகைக் கால் சுத்து, கால் சுத்தா திருப்பணும். அப்போ இன்னொருத்தர் கதவை நெம்பிப் பிடிக்கணும், இல்லேன்னா திருகுத்தலை வழுக்கிடும். கதவு உசந்தா லாக் கொக்கி கீப்பர்ல (சட்டத்துல கொக்கி மாட்டுற தகடு) மாட்டாது. கீப்பரோட ரெண்டு திருகைத் தளர்த்தி மேலே ஏத்துங்க, புது லாக் வேணாம்.