புயல் எச்சரிக்கை வந்தால் பூட்டிய வீட்டை யார் திறப்பது?

ஊருணிக்கரை:
புரட்டாசி முடியப் போகிறது, அடுத்தது அடைமழை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டு நம் பக்கமும் வந்தது. நாலைந்து நாள் முன்பிருந்தே வானிலை மையம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் சாவி அப்போது பெங்களூரில். இரண்டாங்கட்டில், இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேர்ந்து தண்ணீர் ஓடும் கூடல்வாயில் வேப்பஞ்சருகு அடைத்து, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து உத்திரம் வழியாக இறங்கியிருக்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்தால், ஐயாவின் பர்மாக் கணக்குப் பேரேடுகளும் கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமான ஓலையும் தாளுமாக இருந்த பத்திரமும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. ஒரு பக்கத்தை நகத்தால் நெம்பினேன். எழுத்து விரலோடு வந்துவிட்டது.

வீதிக்கு நாலு பேர் சேர்ந்து குழு வைக்கலாம். மாற்றுச் சாவி ஊரில் இருக்கட்டும். எந்த வீட்டில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்ற பட்டியலும் குழுவிடம் இருக்கட்டும். என்ன சொல்கிறீர்கள்?

ஏழாம் பங்கு:
அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பங்கு. வெள்ளையடிக்கவே பதினோரு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தூணும் நிலைக்கதவும் கண்ணாடிப் படமும் நல்ல விலை போகிற காலத்தில், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று எழுதி நாலு பேர் கையில் கொடுப்பதா? புயல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும். திருடன் எந்த மாதமும் வருவான்.

இன்னொன்று. எச்சரிக்கை மனுஷர்களுக்காக. ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவித்த பிறகு யாரையும் ஓட்டின் மேல் ஏறச் சொல்லக்கூடாது. தேக்கு உத்திரம் போனால் போகட்டும்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, ஏறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் கூரையே எரிந்து விழுந்தது. அப்போதும் தீயணைப்பு வீரர்கள், போலீஸ், மாநகராட்சிக்காரர்கள் எல்லாம் வரிசையாக நின்று கைமாற்றிப் பல பொருட்களை வெளியே கொண்டுவந்தார்கள். எது எங்கே என்று தெரிந்தவர் இல்லாமல் அது நடக்காது. ஜப்பானில் 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யுஜி கோயிலின் சுவரோவியங்கள் தீயில் கருகின. 1955 முதல் அதே தேதியில் வருஷா வருஷம் நாடு முழுக்கக் கோயில்களில் ஒத்திகை நடத்துகிறார்கள். நமக்கு ஒரு நாளாவது வேண்டாமா?

ஏழாம் பங்கு:
ஆச்சி, நோத்ருதாம் பிரான்ஸ் அரசின் சொத்து. நம்முடையவை தனியார் வீடுகள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அதனால் யார் வீட்டு ஓட்டையும் யாரும் வந்து மாற்றித் தரப் போவதில்லை.

சுண்ணாம்புக்கை:
நான் கொத்தனார். இந்த வீடுகளில்தான் வேலை. ஏழாம் பங்கு ஐயா ஓட்டைப் பற்றிச் சொன்னது சரி. நனைந்த நாட்டு ஓட்டில் கால் வைத்தால் ஆளும் வழுக்குவார், ஓடும் உடையும். ஆனால் அந்த வேலை எச்சரிக்கைக்குக் காத்திருக்கிற வேலையே இல்லை. சருகு அள்ளுவது, நகர்ந்த ஓட்டைச் சேர்ப்பது, முற்றத்து நீர்ப்போக்கில் ஒரு குடம் ஊற்றிப் பார்ப்பது எல்லாம் ஐப்பசிக்கு முன்னால் முடிய வேண்டும். முற்றத்தில் விழும் மழை வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படிதான் கட்டியிருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இங்கே வந்ததாகச் சொல்லும் குடும்பங்கள். தரையை உயர்த்தித்தான் வீடு கட்டினார்கள். இப்போது ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, எத்தனையோ வீட்டில் திண்ணைப் படி புதைந்துவிட்டது.

நனைந்த சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று காரை கழன்று விழும்.

கோட்டையூர் ஆச்சி:
நனைந்த காகிதத்தையும் நகத்தால் பிரிக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், உறிஞ்சுகிற தாளை நடுவில் வைத்து உலர்த்துங்கள். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும். பத்து நாள் கழித்துத் திறந்து பலனில்லை. அதனால்தான் சாவி ஊரில் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஏழாம் பங்கு:
சரி ஆச்சி, இரண்டு நாள் கணக்கை மறுக்க முடியவில்லை. சாவியை ஒட்டிய உறையில் வைக்கலாம். திறக்கும்போது இரண்டு பேராவது இருக்க வேண்டும், பங்காளி ஒருவர் வீடியோ அழைப்பில் பார்க்க வேண்டும். பட்டியல் குழுவிடம் போகக்கூடாது, வீட்டுக்காரரிடமே இருக்கட்டும். இதற்குமேல் நான் இறங்கி வர மாட்டேன். மற்ற பத்துப் பேரிடமும் பேசிப் பார்க்கிறேன்.

ஊருணிக்கரை:
பட்டியலை நான் விட்டுவிடுகிறேன், தம்பி. பெட்டிகளைக் கூடல்வாய்க்கு நேர் கீழே இல்லாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை மேல் வைத்துவிட்டால் பாதிப் பட்டியலுக்கு வேலையே இல்லை. மேஸ்திரி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து தொடங்கலாமா?

சுண்ணாம்புக்கை:
வருகிறேன் ஐயா. ஏணி என்னிடம் இருக்கிறது. தென்னை விளக்குமாறும் சாக்கும் எடுத்து வையுங்கள். மண்வெட்டி வேண்டாம், ஓடு உடைந்துவிடும்.