சூரியகாந்தி நோட்டு: புதுப்பிப்பு

அப்பாவின் பழைய டைரியில் கிடைத்த நெதர்லாந்து 50 கில்டர் நோட்டைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். கில்டர் என்பது யூரோ வருவதற்கு முன் அங்கே புழங்கிய பணம். இதை இன்னும் மாற்ற முடியுமா, தலைவர் படம் ஏன் இல்லை என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

மாற்றலாம். கில்டர் நாணயங்களுக்கான கெடு 2007-லேயே முடிந்துவிட்டது. ஆனால் இந்த நோட்டை அந்நாட்டு மத்திய வங்கி 2032 ஜனவரி 1 வரை வாங்கிக்கொள்ளும். ஒரு யூரோவுக்கு 2.20371 கில்டர் என்ற கணக்கில் 22.69 யூரோ வரும்.

சரி, படத்துக்கு வருவோம். வரைந்தவர் ஓட்யே ஓக்ஸனார். அதற்கு முந்தைய வரிசையில் அவரும் மனிதர்களைத்தான் வரைந்தார். 1000 கில்டர் நோட்டில் தத்துவஞானி ஸ்பினோசாவின் தலைமுடிக்குள் தன் விரல்ரேகையை ஒளித்துவைத்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அப்புறம்தான் முகங்களை விட்டுவிட்டு, 100-க்கு உள்ளான் பறவை, 250-க்குக் கலங்கரை விளக்கம், 1982-இல் வந்த 50-க்குச் சூரியகாந்தி என்று மாறினார்.

நேற்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் ஒரே மஞ்சள் இல்லை. மெல்லிய கோடுகள் நெருங்கியும் விலகியும் ஓடி, இதழுக்கு வெயிலையும் நிழலையும் கொடுக்கின்றன. கூடவே ஒரு தேனீ! கசங்கிய நோட்டிலும் அது அவ்வளவு துல்லியமாக இருக்கிறது.

22 யூரோவுக்கு இதைக் கொடுக்க மனசு வரவில்லை. டைரியிலேயே, அப்பா வைத்திருந்த அதே பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.