புதுப்பிப்பு: இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மெல்டன் நீர்த்தேக்கம் – யெஸ் டோர் – ஹை வில்ஹேஸ் நடை

முந்தைய இழையில் யெஸ் டோர்தான் டார்ட்மூரின் மிக உயர்ந்த உச்சி என்று எழுதியது பிழை (டோர் என்றால் பாறை முடி கொண்ட குன்று). யெஸ் டோர் 619 மீட்டர், ஹை வில்ஹேஸ் 621. கூர்ந்து நிற்பதால் கீழிருந்து யெஸ் டோர் உயரமாகத் தெரியும். பலரும் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஹை வில்ஹேஸ் நேர் தெற்கே இருக்கிறது.

அதைவிட முக்கியமானது: இரு உச்சிகளும் ஓக்ஹாம்ப்டன் ராணுவச் சுடுதளத்துக்குள் வருகின்றன. முன்கூட்டி வெளியாகும் சுடும் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டே நாளைக் குறியுங்கள். பகலில் குன்றுகளில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு இருந்தால் எல்லைக் கம்பங்களைத் தாண்டக் கூடாது. கிடக்கும் உலோகம் எதையும் தொடாதீர்கள், வெடிக்காத குண்டாக இருக்கலாம்.

இறங்க பிளாக் டோர் வழி அழகானது, குட்டை ஓக் மரங்கள் நிறைந்த பிளாக்-அ-டோர் காப்ஸ் என்ற சிறு காடு அங்கேதான். ஆனால் சரிவில் சிதறிய கருங்கற்கள் ஈரத்தில் வழுக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். பளிச்சென்ற பச்சைப் பாசித் திட்டில் கால் வைக்காதீர்கள், அடியில் சதுப்பு. பழுப்புப் புல் கொத்துகளே நம்பகமானவை.

பனிமூட்டத்தில் கைபேசியை மட்டும் நம்ப வேண்டாம். 1:25,000 அளவிலான ஓஎல்28 (ஆர்ட்னன்ஸ் சர்வேயின் டார்ட்மூர் தாள்) வரைபடமும் காம்பஸும் பையில் இருக்கட்டும். மணிக்கு 5 கி.மீ., ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி என்ற பழைய கணக்கு இங்கே போதாது. கற்களுக்காக இன்னொரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்க்குக் கயிறு கட்டாயம்.